‘அடுத்த வாய்தா எப்போ?’ செல்போனிலேயே கேஸ் நிலவரம்... டிஜிட்டல் கோர்ட்டில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

கோர்ட்டில் கேஸ் நடக்கும் எந்த வீட்டிலும் மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கும் கேள்வி இது: "அடுத்த வாய்தா எப்போ?"

பல வருஷமாக இதற்கான பதில் வக்கீல் குமாஸ்தாவின் டைரியில்தான் இருந்தது. அவர் போனை எடுத்தால் தேதி தெரியும். எடுக்கவில்லை என்றால் பஸ் பிடித்து கோர்ட்டுக்குப் போய், நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயரைத் தேட வேண்டும்.

இப்போது அந்தப் பதில் உங்க செல்போனிலேயே இருக்கிறது. அதுவும் இலவசமாக. ஆனால் கேஸ் நடத்தும் பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களில் சிலர், ஸ்கிரீனில் வரும் ஆங்கில வார்த்தைகளைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள்.

டிஜிட்டல் கோர்ட் என்றால் என்ன? அதில் சாதாரண மக்களுக்கு என்ன கிடைக்கும்? ஆன்லைன் ஆகிவிட்டதால் கேஸ் சீக்கிரம் முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

* ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரிந்தால் கேஸ் நிலவரத்தை யார் உதவியும் இல்லாமல் பார்க்கலாம்.
* தேதி தெரியாமல் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், உங்களுக்கு எதிராக ஒருதலைபட்சத் தீர்ப்பு வரலாம். அதை மாற்ற மனு போட பொதுவாக 30 நாள்தான் அவகாசம்.
* ஜாமீன் உத்தரவை அன்றே அல்லது மறுநாள் ஜெயிலுக்கு இ-மெயிலில் அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.
* வீடியோ காலில் "கோர்ட்" பணம் கேட்டால் அது மோசடி. உடனே 1930-க்கு போன் செய்யுங்க.

இ-கோர்ட்ஸ் திட்டம்: எப்போ ஆரம்பிச்சது?

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் தேசியக் கொள்கை 2005-ல் தயாரானது. உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டியும் மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித்துறைப் பிரிவும் சேர்ந்து இதை நடத்துகின்றன.

2007-ல் தொடங்கிய முதல் கட்டத்தில் கோர்ட்டுகளுக்குக் கம்ப்யூட்டர், பிரின்டர், நெட்வொர்க் போன்ற அடிப்படை வேலைகள் நடந்தன. 2015-ல் தொடங்கிய இரண்டாம் கட்டம்தான் மக்களுக்கான சேவைகளைக் கொண்டுவந்தது. செல்போன் ஆப், எஸ்.எம்.எஸ்., ஆன்லைனில் வழக்குத் தாக்கல் எல்லாம் இந்தக் கட்டத்தில் பரவலாகின.

மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பர் 13-ல் ஒப்புதல் கொடுத்தது. 4 ஆண்டுகளுக்கான மதிப்பீடு 7,210 கோடி ரூபாய். இதில் பழைய கேஸ் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்கு மட்டும் 2,038 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது.

அதற்கு இவ்வளவு பணமா என்று தோணலாம். ஆனால் மேல்முறையீடு செய்தால் கீழ் கோர்ட்டிலிருந்து கேஸ் கட்டு மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அது வந்து சேரவில்லை என்பதற்காகவே தள்ளிப்போன வாய்தாக்கள் ஏராளம். கட்டு கரையான் அரித்துப் போவதும், கிடைக்காமல் போவதும் நடந்திருக்கிறது. ஸ்கேன் செய்த கட்டை எந்த கோர்ட்டிலிருந்தும் உடனே பார்க்க முடியும்.

சி.என்.ஆர். எண்: இது கேஸோட ஆதார் எண் மாதிரி

ஒரு வழக்கு தாக்கலாகி கணினியில் பதிவாகும்போதே அதற்கு ஒரு எண் உருவாகும். அதுதான் சி.என்.ஆர்., அதாவது ‘கேஸ் நம்பர் ரெக்கார்டு’. மொத்தம் 16 இலக்கம்.

மாவட்ட நீதிமன்ற வழக்கு என்றால் அதை இப்படிப் பிரித்துப் படிக்கலாம்:

* முதல் 2 எழுத்து: மாநிலம் (தமிழ்நாடு என்றால் டி.என்.)
* அடுத்த 2 எழுத்து: மாவட்டம்
* அடுத்த 2 எண்: எந்த நீதிமன்ற வளாகம் அல்லது பிரிவு
* அடுத்த 6 எண்: வழக்கின் வரிசை எண்
* கடைசி 4 எண்: ஆண்டு

வக்கீல்கள் வழக்கமாகச் சொல்லும் ‘ஓ.எஸ். நம்பர்’, ‘சி.சி. நம்பர்’ எல்லாம் வேறு. ஓ.எஸ். 45 என்ற எண்ணில் பத்து ஊர் கோர்ட்டில் பத்து கேஸ் இருக்கலாம். சி.என்.ஆர். எண் நாடு முழுக்க ஒரு வழக்குக்கு ஒன்றுதான்.

உங்க வக்கீலிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. இது ரகசியம் ஒன்றும் இல்லை. கேட்பதால் அவரை நம்பவில்லை என்றும் அர்த்தம் இல்லை.

எப்படிப் பார்க்கிறது?

*செல்போன் ஆப்:* ‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்று தேடி டவுன்லோடு செய்யலாம். சி.என்.ஆர். எண்ணை டைப் செய்தால் அடுத்த வாய்தா தேதி, எந்த நீதிபதி முன் கேஸ் இருக்கிறது, இதுவரை நடந்த வாய்தாக்கள், பதிவேற்றப்பட்ட உத்தரவுகள் எல்லாம் வரும். ‘மை கேசஸ்’ பட்டியலில் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் எண்ணை அடிக்க வேண்டியதில்லை.

*இணையதளம்:* இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் இதே விவரம் கிடைக்கும். முகவரியின் கடைசியில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் அது அரசுத் தளம் இல்லை.

*எஸ்.எம்.எஸ்.:* ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு இது உதவும். ‘இகோர்ட்ஸ்’ என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளியோ கோடோ இல்லாமல் அடித்து, பிறகு ஒரு இடைவெளி விட்டு சி.என்.ஆர். எண்ணைச் சேர்த்து 9766899899 என்ற எண்ணுக்கு அனுப்பினால், பதில் எஸ்.எம்.எஸ். ஆக வரும்.

*சி.என்.ஆர். தெரியாதா?* பரவாயில்லை. வழக்கு எண், வாதி அல்லது பிரதிவாதியின் பெயர், வக்கீல் பெயர், எஃப்.ஐ.ஆர். எண் இவற்றில் ஒன்றை வைத்தும் தேடலாம். ஆனால் பெயரை கோர்ட்டில் எந்த ஸ்பெல்லிங்கில் பதிவு செய்தார்களோ அதே ஸ்பெல்லிங் வேண்டும். ‘செந்தில்’ என்ற பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு, மூன்று விதமாக எழுதுவார்கள். ஒரு விதத்தில் வரவில்லை என்றால் அடுத்த விதத்தில் தேடிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அப்படிப்பட்ட வழக்கின் விவரம் ஏதாவது கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீங்க.

ஸ்கிரீனில் வரும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

தேதிக்குப் பக்கத்தில் அந்த வாய்தா எதற்காக என்று ஒரு ஆங்கிலச் சொல் இருக்கும். தேதியை விட இதுதான் முக்கியம். கேஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

* சம்மன் / நோட்டீஸ்: எதிர்தரப்புக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. கேஸ் தொடக்கத்திலேயே நிற்கிறது.
* ரிட்டன் ஸ்டேட்மென்ட்: சிவில் வழக்கில் பிரதிவாதி பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை.
* இஷ்யூஸ் / சார்ஜ்: எதைப் பற்றி விசாரிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யும் கட்டம். கிரிமினல் வழக்கில் இதுதான் குற்றச்சாட்டுப் பதிவு.
* எவிடன்ஸ்: சாட்சி விசாரணை. பெரும்பாலான கேஸ்கள் அதிக காலம் நிற்பது இங்கேதான்.
* ஆர்கியூமென்ட்ஸ்: இருதரப்பு வாதம்.
* ஜட்ஜ்மென்ட் / ஆர்டர்ஸ்: தீர்ப்பு அல்லது உத்தரவுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வாய்தாவை விட்டுவிடக் கூடாது.
* டிஸ்போஸ்டு: கேஸ் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று அதற்கு அடுத்த வரியைப் பாருங்க.
* டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்: வழக்குப் போட்டவர் ஆஜராகாததால் தள்ளுபடி.
* எக்ஸ்-பார்ட்டி: பிரதிவாதி வராமலேயே, ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு.
* என்.பி.டபிள்யூ.: ஜாமீனில் வர முடியாத பிடிவாரன்ட்.

கடைசி மூன்றில் ஏதாவது ஒன்றை உங்க கேஸில் பார்த்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்க. காரணத்தை அடுத்துச் சொல்கிறோம்.

தேதி தெரியாமல் போனால் என்ன ஆகும்?

ஒரு உதாரணம். திருவாரூர் பக்கம் ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை வழக்கு. பிரதிவாதிகளில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ஊரில் ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வக்கீல் இடையில் உடல்நலமில்லாமல் தொழிலை நிறுத்திவிடுகிறார். இரண்டு வாய்தாவுக்கு யாரும் போகவில்லை. கோர்ட் அவரை எக்ஸ்-பார்ட்டி ஆக்கி, கேஸை நடத்தி, தீர்ப்பும் கொடுத்துவிடுகிறது.

இதை ரத்து செய்யச் சொல்லி அவர் மனு போடலாம். சட்டம் கொடுக்கும் அவகாசம் தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாள். முறைப்படி சம்மனே வரவில்லை என்றால் மட்டும், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் என்று கணக்கிடுவார்கள். இவருக்கு சம்மன் வந்திருக்கிறது, வக்கீலும் வைத்திருக்கிறார். அதனால் தீர்ப்பு தேதியிலிருந்தே கணக்கு.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்து தெரிந்துகொண்டால்? தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனியாக ஒரு மனு, அதற்கு ஒரு விசாரணை, அதற்குச் சில வருஷம். மனு ஏற்கப்படும் என்ற உத்தரவாதமும் இல்லை.

சிங்கப்பூரில் இருந்தபடியே மாதம் ஒரு முறை ஆப்பைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டாவது வாய்தாவுக்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கும் இதே கதைதான். சிவில் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். சான்று நகல் வாங்க ஆகும் காலத்தை இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகலுக்கு மனு போட்டால்தானே கழிக்க முடியும்? தீர்ப்பு வந்ததே தெரியாதவர் எப்படி மனு போடுவார்?

ஆப்பில் டவுன்லோடு ஆகும் தீர்ப்பு உங்க தகவலுக்கு மட்டும்தான். அது சான்று நகல் ஆகாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அமீனா கையில் ஜி.பி.எஸ்.

சம்மன் கொடுக்க வரும் கோர்ட் ஊழியர்களைப் பற்றி ஒரு பழைய புகார் உண்டு. வீட்டுக்கு வராமலேயே "வீடு பூட்டியிருந்தது", "வாங்க மறுத்தார்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பார்கள். எதிர்தரப்பு ‘கவனித்துக்கொண்டால்’ இப்படி நடக்கும் என்பது கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

இதற்காக வந்ததுதான் ‘என்-ஸ்டெப்’ என்ற முறை. சம்மன் கொடுக்கப் போகிறவரின் கையில் ஆப் இருக்கும் செல்போன் இருக்கும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு சம்மன் கொடுத்தார் என்பது ஜி.பி.எஸ். மூலம் பதிவாகும். எல்லா இடத்திலும் இது ஒரே மாதிரி முழுமையாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் "வந்தேன், ஆள் இல்லை" என்பதைச் சரிபார்க்க இப்போது ஒரு வழி இருக்கிறது.

ஜாமீன் கிடைச்சும் ஜெயிலில் இருந்த 13 பேர்

டிஜிட்டல் வசதி என்பது சொகுசு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஆக்ரா சம்பவம் பதில் சொல்லும்.

ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்கு 2021 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. குற்றம் நடந்தபோது அவர்கள் சிறார்கள் என்பது ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. ஆனாலும் 14 முதல் 22 வருஷம் வரை உள்ளே இருந்தவர்கள். ஜாமீன் கிடைத்து நான்கு நாள் ஆகியும் அவர்கள் வெளியே வரவில்லை. காரணம்? உத்தரவின் சான்று நகல் தபாலில் வந்து சேரவில்லை என்றது சிறைத் தரப்பு.

அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா இதைச் செய்தியில் பார்த்து, தாமாக முன்வந்து வழக்காக எடுத்தார். அதன் விளைவாக 2022 மார்ச் 31-ல் ‘ஃபாஸ்டர்’ என்ற முறை தொடங்கப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவுகளைப் பாதுகாப்பான மின்னணு வழியில் நேராக சிறைகளுக்கும் சம்பந்தப்பட்ட நீதிமன்றங்களுக்கும் அனுப்பும் முறை இது.

பிறகு 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. சிறையில் யாராவது இருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்:

* ஜாமீன் உத்தரவின் மென்நகலை அன்றே அல்லது மறுநாள் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு இ-மெயிலில் அனுப்ப வேண்டும்.
* ஜாமீன் கிடைத்த தேதியை சிறையின் ‘இ-பிரிசன்ஸ்’ மென்பொருளில் பதிய வேண்டும்.
* 7 நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொல்ல வேண்டும்.
* ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தாமாகப் பரிசீலிக்கலாம்.
* உள்ளூர் ஆள்தான் ஜாமீன்தாரராக வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துவதால், அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம்.

இந்தப் பட்டியலைக் கவனிச்சுப் பாருங்க. முதல் இரண்டைத்தான் கம்ப்யூட்டர் செய்யும். மற்ற மூன்றும் மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள். இ-மெயில் ஒரு நொடியில் போய்விடும். ஆனால் ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைக்கு அந்த இ-மெயில் மட்டும் கதவைத் திறக்காது.

வீடியோ கான்பரன்சில் ஆஜராகலாமா?

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 6-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க வீடியோ விசாரணைக்கு வழி செய்தது. ஊரடங்கு முடிந்த பிறகு பல கோர்ட்டுகளில் வீடியோ விசாரணை குறைந்துவிட்டது. சில கோர்ட்டுகளில் கேமராவும் திரையும் ஓரமாகக் கிடந்தன. 2023 அக்டோபர் 6-ல், எந்த உயர் நீதிமன்றமும் வீடியோ வசதியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, கிரிமினல் வழக்கு விசாரணையை மின்னணு முறையில் நடத்தவும் சாட்சிகளை அப்படியே விசாரிக்கவும் இடம் கொடுக்கிறது.

ஆனால் இது நீங்களாக முடிவு செய்யும் விஷயம் இல்லை. கோர்ட் அனுமதி வேண்டும். இணைந்த பிறகு கோர்ட்டில் நிற்பது போலவே நடந்துகொள்ள வேண்டும். விசாரணையை ரெக்கார்டு செய்யக் கூடாது. வண்டி ஓட்டிக்கொண்டு, டீக்கடையில் நின்றுகொண்டு இணைந்தால் நீதிபதி கண்டிப்பார்.

நுகர்வோர் புகார், டிராஃபிக் அபராதம்: கோர்ட்டுக்கே போக வேண்டாம்

பெரிய கேஸ்களை விட சின்ன விவகாரங்களில்தான் ஆன்லைன் முறை மக்களுக்கு உடனடியாகப் பயன்படுகிறது.

*நுகர்வோர் ஆணையம்:* 2020 செப்டம்பரில் ‘இ-தாக்கில்’ என்ற தளம் வந்தது. இப்போது ‘இ-ஜாக்ரிதி’ தளம். வீட்டிலிருந்தே புகார் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்க கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்க வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்னை நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் போடும் முன் ஆலோசனை வேண்டுமென்றால் 1915.

*விர்ச்சுவல் கோர்ட்:* டிராஃபிக் அபராதத்துக்கான இணைய நீதிமன்றம் 2019-ல் டெல்லியில் தொடங்கி, தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களுக்கு வந்துவிட்டது. சலான் எண் அல்லது வண்டி எண் போட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாம். தப்பு செய்யவில்லை என்றால் எதிர்த்து வழக்காடும் வழியையும் தேர்வு செய்யலாம். அப்போது கேஸ் வழக்கமான கோர்ட்டுக்குப் போகும்.

*கேரளாவின் முயற்சி:* கொல்லத்தில் செக் பவுன்ஸ் வழக்குகளுக்காகவே 24 மணி நேர ஆன்லைன் நீதிமன்றம் ஒன்று 2024 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. தாக்கல், கட்டணம், ஆஜராவது என்று எல்லாமே ஆன்லைனில். செக் வழக்கில் பெரும்பாலும் ஆவணங்களே பேசுவதால் இந்த முறைக்கு அது பொருந்துகிறது. கொலை வழக்கையோ குடும்ப வழக்கையோ இப்படி நடத்திவிட முடியாது.

வாட்ஸ்அப்பில் சம்மன் வந்தால் நம்பலாமா?

புதிய சட்டம் மின்னணு வழியில் சம்மன் அனுப்ப அனுமதிக்கிறது. ஆனால் அதில் கோர்ட் முத்திரையின் படமோ டிஜிட்டல் கையெழுத்தோ இருக்க வேண்டும். அதே நேரம், போலீஸ் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டும் வேறு வேறு.

சந்தேகமாக இருந்தால் ஒரே வழிதான். அதில் இருக்கும் வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே தேடிப் பாருங்க. மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாதீங்க. ‘சலான்’ என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. ஃபைலைத் திறந்தால் வங்கிக் கணக்கே காலியாகலாம்.

கோர்ட் ஆன்லைனுக்கு வந்ததும் மோசடிக்காரர்களும் கூடவே வந்துவிட்டார்கள். 2024-ல் லூதியானாவைச் சேர்ந்த பெரிய தொழிலதிபர் ஒருவரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டி, உச்ச நீதிமன்ற விசாரணை போலவே ஒரு போலி வீடியோ காட்சியை நடத்தி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். தலைமை நீதிபதி போலவும் ஒருவர் பேசினார். பெரிய நிறுவனம் நடத்துபவரே ஏமாந்தார் என்றால் மற்றவர்கள் நிலை? போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி நடக்கும் இந்த மோசடியை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது.

நினைவில் வைங்க: ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. எந்த நீதிபதியும் வீடியோ காலில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்.

அப்போ கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடுமா?

நேர்மையான பதில்: இல்லை. குறைந்தபட்சம், இதனால் மட்டும் இல்லை.

நாடு முழுக்க நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையை ‘தேசிய நீதித்துறை தரவுத் தளம்’ என்ற இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாவட்ட மற்றும் கீழமை நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேல். 2015-ல் இந்தத் தளம் தொடங்கிய பிறகும் நிலுவை ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

தாமதத்துக்கான காரணங்களையும் அதே தளம் வகை பிரித்துக் காட்டுகிறது. வக்கீல் வரவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவு, சாட்சி வரவில்லை, மேல் கோர்ட்டில் தடை, ஆவணம் வரவில்லை. இதில் கம்ப்யூட்டரால் சரியாவது கடைசி ஒன்றும், சாட்சி விஷயத்தில் கொஞ்சமும்தான்.

அதோடு நீதிபதிகள் போதவில்லை. 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது. இன்றைக்கு அதில் பாதி கூட இல்லை. ஒரு நாளைக்கு ஒரு நீதிபதி முன் நூறு கேஸ் பட்டியலில் இருந்தால், அந்தப் பட்டியல் காகிதத்தில் இருந்தாலும் செல்போனில் இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு அடுத்த வாய்தாதான்.

வக்கீல்கள் ஏன் எதிர்க்கிறாங்க?

தமிழ்நாட்டில் இ-ஃபைலிங்கைக் கட்டாயமாக்கும் அறிவிப்புகளை எதிர்த்து வழக்கறிஞர் சங்கங்கள் போராட்டம் நடத்தியிருக்கின்றன. "மாற்றத்துக்கு பயப்படுகிறார்கள்" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சின்ன ஊர் கோர்ட்டில் இன்டர்நெட் அடிக்கடி போகும். கடைசி நாளில் சர்வர் நின்றால் வழக்கே காலாவதியாகும். ஆன்லைனிலும் தாக்கல் செய்து, காகிதத்திலும் கேட்டால் இரட்டை வேலை. ஸ்கேனரும் உதவியாளரும் வைத்துக்கொள்ள முடியாத இளம் வக்கீல்களுக்கு இது கூடுதல் செலவு. அந்தச் செலவு கடைசியில் கட்சிக்காரரின் தலையில்தான் வந்து விழும்.

மொழியும் ஒரு பிரச்னை. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுதலாம், எழுதுகிறார்கள். ஆனால் ஆப்பில் வரும் கேஸ் விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மொழிபெயர்க்க 2019 நவம்பரில் ‘சுவாஸ்’ என்ற மென்பொருள் வந்தது. சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான்.

"வாய்தா" என்ற சொல் உருதுவிலிருந்து வந்தது. மூலப் பொருள் ‘வாக்குறுதி’. கோர்ட்டுக்கு நடந்து நடந்து, மக்களிடம் அது ‘தள்ளிப்போடுதல்’ என்றே பொருள் மாறிவிட்டது. அந்தப் பொருளை மாற்ற ஆப் மட்டும் போதாது.

போன் பார்க்கத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?

* இ-சேவா கேந்திரா: நீதிமன்ற வளாகங்களில் இந்த உதவி மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. கேஸ் நிலவரம், வாய்தா தேதி, இ-ஃபைலிங் உதவி இங்கே கிடைக்கும். (ஊரில் சாதிச் சான்றிதழ் வாங்கும் இ-சேவை மையம் வேறு, இது வேறு.)
* இலவச சட்ட உதவி: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். போன் எண் 15100.
* டெலி-லா: கேஸ் போடும் முன் வக்கீலிடம் போனில் ஆலோசனை கேட்க 14454.

நீங்க இன்றைக்கே செய்ய வேண்டியவை

1. வக்கீலிடம் சி.என்.ஆர். எண்ணை வாங்கி, போனில் மட்டும் இல்லாமல் ஒரு நோட்டிலும் எழுதி வைங்க.
2. வீட்டில் பெரியவர்கள் பெயரில் கேஸ் இருந்தால், படித்த பிள்ளைகள் அதை உங்க போனில் சேமித்து வைங்க.
3. ஒவ்வொரு வாய்தா அன்றைக்கும் மாலையிலோ மறுநாளோ ஆப்பைப் பாருங்க. தேதி மாறியிருக்கிறதா, கட்டம் மாறியிருக்கிறதா என்று கவனிங்க.
4. ஆப்பில் தேதி ஏறத் தாமதமாகலாம், தப்பாகவும் ஏறலாம். வக்கீல் சொல்வதும் ஆப் சொல்வதும் வேறாக இருந்தால், கோர்ட் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்க. ஆப்பை மட்டும் நம்பி வாய்தாவை விட்டுவிடாதீங்க.
5. எதிர்தரப்பு திடீரென்று தடை உத்தரவு வாங்கிவிடுவார் என்ற பயம் இருந்தால், வக்கீலிடம் ‘கேவியட்’ மனு பற்றிக் கேளுங்க. ஒரு முறை போட்டால் 90 நாள் செல்லும்.

கேஸ் எப்போ முடியும் என்று எந்த ஆப்பும் சொல்லாது. ஆனால் அது இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை இனி நீங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். சி.என்.ஆர். எண் கையில் இல்லை என்றால், வக்கீலிடம் அடுத்த முறை பேசும்போது முதலில் அதைக் கேளுங்க.